அந்த நாத்தம்

எங்கள் டெர்மினலில் தொழிலாளிகள் வினைச்சொல் எழுதக் கூடாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மொழித் தரச் சுற்றறிக்கை எண் பதினாறு, இரண்டாம் பத்தி. அதைத் தட்டச்சு செய்து, நகல் எடுத்து, கேன்டீன் சுவரில் பசை தடவி ஒட்டியவன் நான்தான். என் பெயர் சௌக்கத் அலி. ராயபுரத்திலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வந்து, பேரலை டெர்மினல்ஸ் என்ற ரசாயனக் கிடங்கின் தபால் பிரிவு ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வருகிற காகிதத்துக்கு எண் போடுவேன். போகிற காகிதத்துக்கும் எண் போடுவேன். நடுவில் அந்தக் காகிதம் என்ன ஆனது என்று கேட்பது என் வேலையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கூத்து ஆரம்பித்தது வசீமால். பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆபத்தான ரசாயனத் தொட்டிகளைக் கழுவுகிறவன் அவன். ஒரு நாள் ஷிப்ட் அறிக்கையில் யாரோ அவனை இங்கிலீஷில் ‘டேஞ்சரஸ் டேங்க் க்ளீனிங் மேன்’ என்று எழுதிவிட்டார்கள். எழுதியவர் சொல்ல வந்தது, ஆபத்தான தொட்டியைக் கழுவுகிற ஆள். வாசலில் புதிதாக வந்திருந்த செக்யூரிட்டி படித்தது, தொட்டி கழுவுகிற ஆபத்தான ஆள். வசீமை மூன்று மணி நேரம் அறையில் பூட்டி வைத்தார்கள். “நான் டேஞ்சரு இல்ல நைனா, டேங்க்குதான் டேஞ்சரு” என்று அவன் உள்ளேயிருந்து கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஷயம் தலைமை அலுவலகம் வரை போனது. தொட்டியின் ஆபத்தைக் குறைக்கலாம். வசீமிடம் மன்னிப்புக் கேட்கலாம். இரண்டும் செய்யாமல், மூன்றாவதாக ‘மொழித் தரப் பிரிவு’ என்று ஒன்றைத் திறந்தார்கள். குளிர்சாதனம் போட்ட அறை, சுழல் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. அதற்கு அதிகாரியாக வந்தவர் அருள்நாதன் சார். முப்பத்தெட்டு வருஷம் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சிவப்புப் பேனா இருக்கும். ஒன்று தீர்ந்தால் இன்னொன்று. பொய் சொல்ல மாட்டார், லஞ்சம் வாங்க மாட்டார், தப்பான இலக்கணத்தைக் கண்டால் சோறு இறங்காது. இப்படிப்பட்ட மனிதர்களிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

அவர் வந்ததும் என்.பி.-நாலு என்ற படிவம் பிறந்தது. தொழிலாளி எந்தக் குறையைச் சொல்வதென்றாலும் அதில் ஒரே ஒரு நவுன் ஃப்ரேஸ் எழுத வேண்டும். பெயர்ச்சொற்றொடர். முன்னால் டிடெர்மினர், அதாவது ‘எ’, ‘தி’ மாதிரி ஒரு முன்சொல். பிறகு அடைமொழிகள். கடைசியில் ஹெட், அதாவது தலைச்சொல். தலைச்சொல் எதுவோ, அந்தப் பிரிவுக்குக் காகிதம் போகும். வினைச்சொல் ஏன் கூடாது என்பதை எங்கள் டெர்மினல் மேலாளர் ரஞ்சித் சார் திறப்பு விழாவில் விளக்கினார். “ஒரு பொருளுக்குப் பேர் சொல்றது தொழிலாளியோட கடமை. செயல்ங்கறது நிர்வாகத்தோட உரிமை.” எல்லோரும் கை தட்டினோம். லட்டு கொடுத்தார்கள்.

*

தாமோதரன் என் ஜன்னலுக்கு முதல் சீட்டோடு வந்தது ஜூன் மூன்றாம் தேதி. எங்கள் குழாய் வரிசை சடையங்குப்பம் பக்கத்து மதில் ஓரமாகப் போகிறது. அதன் கூடவே நடந்து, மூக்காலும் காதாலும் சோதிப்பது அவருக்கு இருபது வருஷத்து வேலை. கான்ட்ராக்ட் ஆள். ஏழாம் நம்பர் வால்வு மதிலை ஒட்டி இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் அங்கன்வாடி. வெள்ளம் வந்தால் தண்ணீர் ஏறக் கூடாதென்று ஐந்து படி உயர்த்திக் கட்டிய ஒற்றை அறை. அதில் பதினெட்டுக் குழந்தைகள். அங்கே உதவியாளர் வேலை பார்ப்பது தாமோதரன் மனைவி முத்தம்மா.

ஏழாம் வால்வில் கேஸ்கட் நைந்து சால்வென்ட் கசிந்தது. அந்தத் திரவத்தின் முழுப் பெயரைச் சொல்ல மூச்சு போதாது. மூக்கில் ஏறினால் கண்ணில் தண்ணீர் கொட்டும், தொண்டை கரகரக்கும், சின்ன உடம்பென்றால் வாந்தி வரும். கேஸ்கட் என்பது இணைப்பில் கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற, வட்டமாக வெட்டிய ஒரு துண்டு. மாற்றுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். மாற்றத் தெரிந்த ஆளும் தாமோதரன்தான். ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஸ்பேனரைத் தொட்டால் அன்றைக்கே வாசல் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். அனுமதிச் சீட்டு கிடைக்க என்.பி.-நாலு தேறியாக வேண்டும்.

அவர் எழுதியிருந்தது: ‘வால்வ் செவன் கேஸ்கட் லீக்கிங்.’ ஒரு மணி நேரத்தில் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ‘லீக்கிங் என்பதில் வினைச்சொல்லின் வாடை அடிக்கிறது.’

“இன்னா பாய், திரும்பிக்கினு வந்துகீது?” என்றார் தாமோதரன்.

“லீக்கிங்னு போட்டுகீற. அதுல வெர்ப் கீதாம்.”

“லீக்கு ஆவுது பாய். ஆவறத ஆவுதுன்னு எயுதாம வேற இன்னா எயுதறது?”

“ஆவுதா இல்லியான்னு நிர்வாகம் சொல்லும். நீ பேரு மட்டும் எயுது.”

இதைச் சொன்னது என் வாய்தான். இப்போது நினைத்தால் எனக்கே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சந்தேகம் இருந்தால் அதிகாரியை நேரில் பார்க்கலாம் என்று படிவத்தின் பின்பக்கம் அச்சடித்திருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அருள்நாதன் சார் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மரியாதைக்குக் குறைவே கிடையாது.

“மிஸ்டர் தாமோதரன், முதல்ல ஒரு கேள்வி. உங்க ஹெட் எங்கே?”

தாமோதரன் ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்தார். “இங்கதான் சார் கீது.”

“அது இல்ல. உங்க ஃப்ரேஸுக்கு யார் ஹெட்?”

“எங்களுக்கு ஹெட்டு ரஞ்சித் சாருதான்.”

“ஐயோ, சொல்லுங்க. வால்வ், கேஸ்கட், லீக். இதுல எது தலை, எது வால்? இங்கிலீஷ்ல பெயர்களை அடுக்கினா கடைசியா நிக்கறதுதான் தலை. முன்னால நிக்கறதெல்லாம் அதுக்கு வேலைக்காரங்க.”

“நம்ம கம்பெனில தலைங்க முன்னாடி வரும், வேலைக்காரன் கடசீல வருவான். அதான் சார் கொயம்பிட்டேன்” என்றார் தாமோதரன். அருள்நாதன் சார் அதை ஒரு நல்ல ஒப்பீடு என்று குறித்துக்கொண்டார்.

*

இரண்டாவது சீட்டில் நாற்றத்தையும் சேர்த்து, ‘வால்வ் செவன் கேஸ்கட் லீக் ஸ்மெல்’ என்று எழுதினார். கடைசியில் நிற்பது ஸ்மெல். எனவே காகிதம் சுற்றுச்சூழல் பிரிவுக்குப் போயிற்று. அவர்கள் மின்னல் வேகத்தில் செயல்பட்டு, மதில் ஓரம் எலுமிச்சை வாசனை தெளிக்கும் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவதில் வார்த்தைகளை மாற்றிப் போட்டதில் வால்வு கடைசிக்கு வந்தது. விரிவாக்கத் திட்டப் பிரிவு, ‘புதிய வால்வு குறித்த ஆலோசனைக்கு நன்றி, அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் பரிசீலிக்கப்படும்’ என்று பதில் எழுதியது. நான்காவதில் ‘வால்வ் செவன் ஸ்மெல் கேஸ்கட்’. அது பண்டகசாலைக்குப் போய், ‘வாசனையுள்ள கேஸ்கட் இருப்பில் இல்லை, வாசனையற்றது மட்டுமே உள்ளது’ என்று திரும்பியது. வாசனையற்ற கேஸ்கட் இருக்கிறது என்று எழுதினார்களே தவிர, அதைக் கொடுக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படிவத்தில் யாரும் ‘கொடு’ என்று கேட்கவில்லையே! கேட்டால் அது வினைச்சொல்.

ஐந்தாவதில் தாமோதரன் சரியாகப் பிடித்துவிட்டார். ‘வால்வ் செவன் கேஸ்கட் லீக்.’ தலை லீக். பராமரிப்புப் பிரிவுக்குப் போக வேண்டிய காகிதம். எனக்கே சந்தோஷமாக இருந்தது. மாலையில் திரும்பி வந்தது. ‘டிடெர்மினர் எங்கே? எந்த லீக்? முதல் முறை குறிப்பிடுவதால் “ஒரு” எனப் பொருள்படும் “எ” சேர்க்கவும்.’

“இன்னா பேஜாரு பாய் இது?” என்று தாமோதரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பசங்க மூஞ்ச பாத்தா வவுறு எரியுது. கண்ணெல்லாம் செவந்துகினு. முத்தம்மா ஈரத்துணி வெச்சி ஜன்னல அடைச்சிகினு கீறா. இவரு இன்னாடான்னா எ போடு, பி போடுன்றாரு.”

“ஒரே எழுத்துதானே. போட்டுக் குடுத்துடு.”

போட்டுக் கொடுத்தார். அதற்கு மறுநாள்தான் முத்தம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் இன்னொன்று. இரண்டுக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி மறித்தான். அந்த நேரம் பார்த்து அருள்நாதன் சார் டீ குடிக்க வெளியே வந்தார்.

“அம்மா, என்ன பிரச்சினை?”

“அந்த நாத்தம்தான், வேற இன்னா!”

“எந்த நாற்றம்?”

“எந்தவா?” முத்தம்மா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “இன்னா சார் தெரியாத மாரி கேக்கற? ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியும், இந்தா, மூக்க உறிஞ்சிகினு கீதே இதுக்குக்கூடத் தெரியும். அந்த நாத்தம்! அந்த!”

அருள்நாதன் சாரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் கடைசி பெஞ்சு எழுந்து சரியான விடை சொன்னால் வாத்தியாருக்கு வருமே, அந்தப் பூரிப்பு. “அற்புதம்! கேட்டீங்களா மிஸ்டர் அலி? ‘அந்த’. சொல்றவருக்கும் கேக்கறவருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச பொருள். இங்கிலீஷ்ல இதுக்குத்தான் ‘தி’. இந்த அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?”

“புள்ளைங்க வாந்தி எடுத்துச்சு, அதான் சொல்லிக் குடுத்துச்சு” என்றாள் முத்தம்மா. அவர் அதற்குள் உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை ஆறாவது சீட்டு திரும்பியது. ‘எ’ அடிக்கப்பட்டு, மேலே ‘தி’. பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்தில்: ‘இந்த லீக் ஜூன் மூன்றாம் தேதி முதல் எழுதுபவருக்கும், வாசிப்பவருக்கும், பொதுமக்களுக்கும் நன்கு அறிமுகமானது. “எ” பெரும் பிழை.’ கீழே கையொப்பம், தேதி, மொழித் தரப் பிரிவின் முத்திரை.

தாமோதரன் ‘தி’ போட்டு ஏழாவது சீட்டைக் கொடுத்தார். அது தேறியது! பராமரிப்புப் பிரிவுக்கே போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் கேன்டீனில் டீ குடித்தோம். பராமரிப்புப் பிரிவு மறுநாளே திருப்பி அனுப்பியது. ‘ஏற்கெனவே தெரிந்த லீக் எனில் அதன் பழைய கோப்பு எண்ணைக் குறிப்பிடவும்.’ பழைய கோப்பு கிடையாது, ஏனென்றால் பழையது எதுவும் தேறவில்லை. புதிய கோப்பு தொடங்க ‘எ’ போட வேண்டும். ‘எ’ போட்டால் அருள்நாதன் சார் ‘தி’ என்று திருத்துவார். ‘தி’ போட்டால் பராமரிப்பு கோப்பு எண் கேட்கும். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று சீட்டுகள் இரண்டு அறைக்கும் நடுவில் நடந்தன. நான் எண் போட்டேன்.

*

ஆகஸ்டில் ‘நவுன் ஃப்ரேஸ் வாரம்’ கொண்டாடினார்கள். தொழிலாளிகளை எல்லாம் கூட்டரங்கில் உட்கார வைத்து, அடைமொழிகளின் வரிசையை ஒப்பிக்கச் சொன்னார்கள். அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், பொருள். வசீம் எழுந்து நின்று அருமையாக ஒப்பித்தான். அவனுக்குப் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ். அதன் மேல் ‘தி சேஃப் டேங்க் க்ளீனிங் மேன்’ என்று பொறித்திருந்தது. தொட்டியில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை.

ரஞ்சித் சார் மைக்கைப் பிடித்தார். முப்பத்தாறு வயசு, கோட், அழகான பல்வரிசை.

“நண்பர்களே, இந்த எட்டு மாசத்துல நம்ம டெர்மினல்ல ஒரு விபத்துகூடப் பதிவாகல. ஒண்ணுகூட! விபத்து நடந்துச்சா இல்லையான்னு சிலர் கேக்கலாம். அது வேற கேள்வி. பதிவாகற அளவுக்கு யாரும் சரியா எழுதல. இதுக்குப் பேர்தான் தரம். போன வருஷம் நம்மகிட்ட பிரச்சினைகள் இருந்துச்சு. இந்த வருஷம் நம்மகிட்ட இருக்கறது வெறும் பெயர்ச்சொற்கள். பெயர்ச்சொல் யாரையும் இரும வைக்காது.”

சொல்லி முடித்து அவரே இருமினார். காற்று மதில் பக்கமிருந்து திரும்பியிருந்தது. முதல் வரிசை கைக்குட்டையை எடுத்தது. பின் வரிசை கண்ணைத் துடைத்தது. கொஞ்ச நேரத்தில் அரங்கம் முழுக்க இருமல், எலுமிச்சை வாசனையோடு.

“சார், இதான் சார்” என்று தாமோதரன் எழுந்தார். “வால்வு ஏழு.”

“உட்காருங்க” என்றார் ரஞ்சித் சார், கைக்குட்டைக்குள்ளிருந்து. “படிவத்துல வாங்க.”

தாமோதரன் உட்காரவில்லை. “அறுவது நாளா படிவத்துலதான் சார் வந்துகினு கீறேன். மதிலுக்கு அந்தாண்ட பச்ச புள்ளைங்க குந்திகினு கீது. ஒரு பெர்மிட்டு குடு சார், நானே மாத்திட்டு வந்துர்றேன்.”

 அருள்நாதன் சார் மெல்லிய குரலில், “நான்கு வினைமுற்று” என்றார்.

*

ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி காலை பத்தரைக்கு அங்கன்வாடியில் மூன்று குழந்தைகள் வாந்தியெடுத்து மயங்கின. முத்தம்மா ஒன்றைத் தோளிலும் இரண்டைக் கையிலும் அள்ளிக்கொண்டு ஐந்து படியும் இறங்கி ஆட்டோவுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் மூன்றும் கண் விழித்துப் பிஸ்கட் கேட்டன என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனால் அதற்குள் சடையங்குப்பம் ஜனம் எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டது. லாரி ஒன்றும் நகரவில்லை.

மறுநாள் அரசாங்கத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். ஜெயஸ்ரீ என்று பெயர். கூட்ட அறையில் ரஞ்சித் சார், அருள்நாதன் சார், சாட்சிக்கு தாமோதரன், குறிப்பெடுக்க நான். கம்பெனியின் வாக்குமூலத்தை முதல் நாளே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். தலைப்பே மொத்தக் கதையும் சொன்னது: ‘எ சடன் மைனர் லீக் அட் வால்வ் செவன்.’

“மேடம், நேத்து காலைல பத்து இருபதுக்குத் திடீர்னு ஒரு சின்னக் கசிவு” என்றார் ரஞ்சித் சார். “அதுக்கு முன்னாடி எங்களுக்கு எந்தத் தகவலும் இல்ல. யாராலும் முன்கூட்டித் தெரிஞ்சிருக்க முடியாது.”

தாமோதரன் வாயைத் திறந்தார். ரஞ்சித் சார் அவர் கழுத்தில் தொங்கிய வாசல் பாஸைப் பார்த்தார். தாமோதரன் வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் கம்பெனியிலிருந்து எந்தக் காகிதம் வெளியே போனாலும் அதில் மொழித் தரச் சான்று இருக்க வேண்டும். ரஞ்சித் சார் போட்ட விதிதான். வாக்குமூலம் அருள்நாதன் சாரிடம் போனது. கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியது மட்டும்தான் பாக்கி. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். நெற்றி சுருங்கியது. சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“சார், சைன் மட்டும் போதும்” என்றார் ரஞ்சித் சார்.

“ஒரு நிமிஷம். இது தப்பா இருக்கு.” ‘எ’வை அடித்தார். மேலே ‘தி’ என்று எழுதினார். “ஜூன் மூணுலேர்ந்து தெரிஞ்ச லீக் இது. இதுக்கு எப்படி ‘எ’ வரும்? அப்புறம் ‘சடன்’. மூணு மாசமா இருக்கற ஒண்ணு எப்படித் திடீர்னு ஆகும்? பொருந்தாது.” அதையும் அடித்தார். “‘மைனர்’ வெறும் அபிப்பிராயம். ஆஸ்பத்திரியில மூணு பிள்ளைங்க படுத்தப்புறம் அந்த அடைமொழிக்கு இங்க இடமில்ல.” அதையும் அடித்தார்.

காகிதத்தில் மிஞ்சியது: ‘தி லீக் அட் வால்வ் செவன்.’

“இப்ப சரியா இருக்கு” என்று திருப்தியோடு கையெழுத்துப் போட்டார்.

 ஜெயஸ்ரீ மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “சார், மூணு மாசமா தெரியும்னு எதை வெச்சுச் சொல்றீங்க?”

“எதை வெச்சா?” அருள்நாதன் சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. “மேடம், நான் முப்பத்தெட்டு வருஷம் பாடம் நடத்தினவன். ஆதாரம் இல்லாம ஒரு ‘தி’ போட மாட்டேன். இவர் பதினொரு தடவை எழுதினார். பதினொண்ணையும் நான் படிச்சுப் பார்த்தேன். தேதி போட்டு, முத்திரை போட்டு! எங்க எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்ச லீக் இது. படிக்காதவன்தான் இதுக்கு ‘எ’ போடுவான்.”

“அவருக்கு வயசாகுது மேடம்” என்றார் ரஞ்சித் சார். “நிராகரிச்ச சீட்டெல்லாம் நாங்க வெச்சுக்கறதில்ல. அழிச்சுடறோம். இல்லையா அலி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷம். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம். தலையை ஆட்டினால் போதும், ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். தாமோதரன் என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

“கீது மேடம்” என்றேன். கூட்ட அறையில் சுத்தத் தமிழ் பேசுகிறவன் நான். அன்றைக்கு வாயில் அதுதான் வந்தது. “எல்லாம் கீது. நம்பர் போட்டு வெச்சிகீறேன்.”

பதினொரு சீட்டையும் கொண்டு வந்து வைத்தேன். ஜெயஸ்ரீ மேடம் ஒவ்வொன்றாகப் படித்தார். ஆறாவதில் நின்று, சத்தமாகவே வாசித்தார். ‘எழுதுபவருக்கும், வாசிப்பவருக்கும், பொதுமக்களுக்கும் நன்கு அறிமுகமானது.’ பிறகு ரஞ்சித் சாரைப் பார்த்து, “இலக்கணம் நல்லா இருக்கு” என்றார்.

*

அன்றைக்கே பெர்மிட் வந்தது. படிவம் இல்லாமல். தாமோதரன் ஏழாம் வால்வின் கேஸ்கட்டை முப்பத்தெட்டு நிமிஷத்தில் மாற்றினார். பழைய துண்டை என்னிடம் காட்டினார். உள்ளங்கை அகலம்கூட இல்லை.

கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது, வழக்கு நடக்கிறது, ரஞ்சித் சார் வேறு ஊருக்கு இன்னும் பெரிய பதவியில் போய்விட்டார். மொழித் தரப் பிரிவை மூடிவிட்டார்கள். அருள்நாதன் சாருக்கு வந்த உத்தரவை நான்தான் தட்டச்சு செய்தேன். அவர் அதிலும் ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். புத்தகங்களைக் கட்டும்போது கேட்டேன், “சார், அன்னிக்குத் தெரிஞ்சுதான் அப்படிச் செஞ்சீங்களா?”

“எதை?”

“அந்த ‘தி’.”

“மிஸ்டர் அலி, ‘எ’ தப்பு” என்றார். “அவ்வளவுதான்.” 

கம்பெனி பாடம் கற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. புதிய மேலாளர் வந்ததும் சுற்றறிக்கை எண் முப்பத்தொன்று போட்டார். இனி டெர்மினலின் எந்த ஆவணத்திலும் ‘தி’ என்ற சொல் பயன்படுத்தப்படக் கூடாது. எல்லாக் குறைகளும் ‘எ’ என்றே தொடங்க வேண்டும். கம்பெனியின் பெயரே ‘தி பேரலை டெர்மினல்ஸ்’ என்றுதான் பதிவாகியிருக்கிறது. எனவே காகிதத் தலைப்புகளை எல்லாம் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று.

“அப்ப இனிமே எப்ப நாத்தம் வந்தாலும் மொத தபா வந்த மாரியே எயுதணுமா பாய்?” என்று கேட்டார் தாமோதரன்.

“ஆமா.”

“சரி” என்றார். 

அங்கன்வாடி வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினம் எத்தனை குழந்தைகள் வந்தன என்று அதில் எழுதுவார்கள். ரோட்டைப் பார்த்த பலகை, எதிரே பஸ் ஸ்டாப். அடுத்த மாதம் ஒன்பதாம் வால்வில் லேசாகக் கசிந்தபோது, ‘வருகை: பதினெட்டு’ என்பதற்குக் கீழே முத்தம்மா சாக்பீஸில் எழுதிவிட்டாள்: ‘அந்த நாத்தம். இரண்டாம் நாள்.’ பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் படித்தார்கள். ஒருத்தர் படம் எடுத்து ஜெயஸ்ரீ மேடத்துக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் என்று எழுத அவளுக்கு வேலை வைக்காமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கேஸ்கட்டை மாற்றிவிட்டார்கள். பலகையை மட்டும் அவள் அழிக்கவில்லை.

புதிய மேலாளர் என்னிடம் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். மிகவும் பணிவான கடிதம். நல்லுறவைக் கருதி, பலகையில் உள்ள ‘அந்த’ என்ற சொல்லை ‘ஒரு’ என்று மாற்றித் தருமாறு வேண்டியிருந்தது. ஐந்து படி ஏறிப் போனேன். குழந்தைகள் கொண்டைக்கடலை தின்றுகொண்டிருந்தன. மதில் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. முத்தம்மா கடிதத்தை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள்.

“‘ஒரு’ன்னு எயுதறதுக்கு நாங்க இன்னா இன்னிக்குக் காலீலயா இங்க குடி வந்தோம்?” என்று கடிதத்தை என்னிடமே நீட்டினாள். “போய்ச் சொல்லு பாய். அந்த.”

பதில் இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். ஒரே ஒரு சொல்தான் வந்தது: ‘தி.’ எண் போட்டு அனுப்பிவிட்டேன்.